வாடகைதாரர் கையொப்பம்

முந்நூற்று முப்பத்தாறு மணி நேரம். அதாவது பதினான்கு நாள். வீட்டுவசதி அலுவலகத்தில் கொடுத்த குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தொடர்ந்து பதினான்கு நாள் எழுத வேண்டும்: எந்த நேரத்தில், என்ன தொல்லை, எவ்வளவு நேரம், யாரால். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வாடகைதாரர் கையொப்பம்'.

சின்னவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாடகைதாரர் அவள் இல்லை. அப்பாவும் இல்லை. வீடு பெரியவள் பெயரில் இருந்தது. ஏழு வருடம் வரிசையில் நின்று அக்கா வாங்கிய வீடு. மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை, பொது நடையைப் பார்த்த ஒரு ஜன்னல். யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர் அதில் குடியிருக்க வேண்டும். இல்லாமல் போனால் முப்பது நாளுக்குள் அலுவலகத்தில் சொல்லி, கூட இருக்கிறவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். முப்பது நாள் தாண்டிவிட்டால் வீடு வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். இவர்கள் சொல்லவில்லை. முப்பது நாள் எப்போதோ தாண்டிவிட்டது.

"பெரியவ ஊர்ல இல்ல" என்பார் அப்பா, யார் கேட்டாலும். சின்னவளும் அதையே சொல்வாள். பதினாறு மாதமாக, தங்களுக்குள்ளேகூட, அதற்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா பஸ் ஓட்டியவர். முப்பத்தொரு வருடம் புகையும் தூசியும் விழுங்கியதில் நுரையீரல் பாதிதான் மிச்சம். இன்ஹேலரில் பஃப் அடித்துக்கொண்டால்தான் மாடிப்படி. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. சின்னவளுக்கு வேலையும் அங்கேதான், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், இரவு ஷிப்ட். காலை எட்டுக்கு வந்து ஒன்பதுக்குப் படுத்தால் நாலு வரை தூங்க வேண்டும். இந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. வேறு வீட்டுக்கான வரிசையில் இன்றைக்குப் போய் நின்றாலும் அப்பாவுக்கு இன்னொரு ஏழு வருடம் இருக்குமா என்பது மருத்துவர் பதில் சொல்லாமல் நகர்ந்துபோகிற கேள்வி.

எதிர்வீட்டுக்காரன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கடை கிடையாது. நடைதான் கடை. அப்பா அவனுக்கு 'மெஷின்' என்று பெயர் வைத்திருந்தார். பத்து மணிக்கு முதல் சுத்தியல் சத்தம் கேட்டதும், "மெஷின் ஸ்டார்ட் ஆயிடுச்சு. ரைட், போலாம்" என்பார். அது பழைய நாளில். அப்போது சிரிக்க முடிந்தது.

அப்போதெல்லாம் ஒரு மெஷின்தான் நடையில் நிற்கும். அக்கா ஒரு தடவை வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணா கிண்ணான்னு கூப்பிட மாட்டேன். அஞ்சு நிமிஷத்துல எடுக்கலன்னா நானே படியில உருட்டி விட்டுருவேன்." அவன் நாலே நிமிடத்தில் எடுத்தான்.

பிறகு ஒரு நாள் தபால்காரர் கதவு மாற்றிக் கொடுத்துவிட்டார். வேறொரு ஊரின் பதிவு அலுவலகத்திலிருந்து, முத்திரை போட்ட நீளமான உறை. இரண்டு நாள் கழித்து மெஷின்காரன் அதைக் கொண்டுவந்து நீட்டினான். ஓரம் கிழிந்திருந்தது.

"எங்க வீட்டுதுன்னு பிரிச்சுட்டேன் தங்கச்சி. தப்பா எடுத்துக்காத." உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா சௌக்கியமா?"

உறைக்குள் இருந்தது ஒரே தாள். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. சின்னவள் அதை வாங்கி அலமாரியில் துணிக்கடியில் வைத்தாள்.

"ஊர்ல இல்லண்ணா" என்றாள்.

"ஓஹோ" என்றான் அவன். சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் நடையில் மூன்று மெஷின் நின்றது. அதற்கடுத்த மாதம் ஏழு. இவர்கள் கதவு பாதிதான் திறந்தது. அப்பா வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. "முப்பத்தொரு வருஷம் எவ்வளவோ சந்துல வண்டிய விட்டிருக்கேன். சொந்த வாசல்ல ரிவர்ஸ் எடுக்கிறது இப்பதான்" என்றார். சோப்புத் தண்ணீரும் கிரீஸும் இவர்கள் வாசல் பக்கமாகவே ஓடிவந்தன. ரிப்பேரான மெஷின் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க அவன் உள்ளே ஒரு செங்கல்லைப் போட்டு ஓட்டுவான். டங், டங், டங். சின்னவளின் தலைமாட்டுச் சுவர் அதிரும்.

ஒரு நாள் மதியம் எழுந்துபோய்க் கேட்டாள். "அண்ணா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருக்கேன். ஒரு ரெண்டு மணி நேரம்..."

"அடடா, அப்படியா." செங்கல்லைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான். "அக்கா இருந்தா அவங்ககிட்டயே பேசியிருப்பேன். வீடு அவங்க பேர்லதான? அக்கா சௌக்கியமா?"

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு ஹோஸ் கொண்டுவந்தான். கேட்கவில்லை. ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் விட்டு, குழாயில் மாட்டச் சொன்னான். "மெஷினுக்குத் தண்ணி வேணும் டிரைவர் சார். எங்க குழாய் ரொம்ப மெதுவா வருது." அப்பாவே மாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு நீல ஹோஸ் அடுப்பைத் தாண்டி, பாத்திரத் தட்டைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே போனது. சமையலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் இவர்கள் அவனிடம் கேட்டுவிட்டுக் கழற்ற வேண்டும். ஜன்னலை மூட முடியாது. அவன் அதன் வழியாக எப்போது வேண்டுமானாலும் பேசுவான். என்ன சமையல் என்பான். தங்கச்சி தூங்குதா என்பான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அதே கேள்வி. கீழ்வீட்டு டீச்சர் ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, உங்க அக்கா மேல எவ்வளவு அக்கறையா விசாரிக்கிறான்" என்றார்.

ஹோஸ் வந்த பதினோராவது மாதம், நடையில் நின்ற கிரீஸ் தண்ணீரில் அப்பா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. சின்னவள் கதவைத் திறந்தபோது அவர் இரண்டு மெஷினுக்கு நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மெஷின்காரன் அவன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்து வரக்கூடாதா டிரைவர் சார்" என்றான்.

அப்பா அழவில்லை. "ஆமாப்பா, என் தப்புதான்" என்றார். அதைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் தூங்காமல் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போய்க் குறிப்பேட்டை வாங்கிவந்தாள்.

அப்பா அதைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "வேணாம்மா. அவன் ஒரு வார்த்தை சொன்னா வீடு போயிடும்."

"அவனுக்கு முன்னாடி நாம சொன்னா என்னப்பா?"

"என்ன சொல்றது?"

அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "பெரியவ ஊர்ல இல்ல, அவ்வளவுதான்" என்றார். பஃப்பைத் தேடினார்.

அதனால் அவள் அக்காவின் கையெழுத்தைப் பழகினாள். பழைய வங்கி விண்ணப்பம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாற்பது தடவை போட்டுப் பார்த்தாள். அக்கா கையெழுத்து பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி இருக்கும். முதல் எழுத்து நின்று நிதானமாக, மிச்சமெல்லாம் ஒரே இழுப்பு. முதல் நாள் பக்கத்தில் போட்டபோது சின்னவளின் கை நடுங்கியது. ஐந்தாம் நாள் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

எழுதுவது மட்டும் சுலபமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்: பார்த்ததை, பார்த்த நேரத்தில், கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது. போனில் சத்தம் அளக்கிற செயலியை இறக்கிக்கொண்டாள்.

'மூன்றாம் நாள். காலை 10.05 முதல் 11.40. செங்கல்லுடன் டிரம். 84 டெசிபல். 11.40 முதல் 12.10. சத்தம் இல்லை. 41. பகல் 12.10. கதவுக்கு முன் அழுக்குத் தண்ணீர், ஏறக்குறைய இரண்டு வாளி.'

'ஆறாம் நாள். பகல் 1.15 முதல் 4.50. சுவரில் சுத்தியல். வேலைக்காக இல்லை. அப்பா இருமினால் அடிக்கிறான், நிறுத்தினால் நிறுத்துகிறான். ஒன்பது முறை சரிபார்த்தேன்.'

ஆறாம் நாளை எழுதிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறையில் நின்றாள். ஒன்பது முறை இருமிக் காட்டச் சொல்லி அவள் அப்பாவைக் கேட்டிருந்தாள். அவரும் இருமினார்.

சாட்சிக் கையெழுத்து ஒன்று இருந்தால் நல்லது என்று குறிப்பேட்டில் இருந்தது. கீழ்வீட்டு டீச்சரிடம் போனாள். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்கென்ன காது செவிடா? என் சாமான் தட்டே ஆடுது. ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதம்மா. இன்னைக்கு உன் வாசல்ல ஊத்துறான், நாளைக்கு என் தலையில ஊத்துவான். உங்க அக்காவ வரச் சொல்லேன். அவ வந்து ஒரு சத்தம் போட்டா இவன் பெட்டிப் பாம்பா அடங்கிடுவான். எப்ப வர்றா?"

"தெரியல டீச்சர்."

"என்ன வேலையோ. பெத்த அப்பன் கை ஒடிஞ்சு கிடக்காரு, ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா? நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்."

சின்னவள் படியேறி வந்தாள். அக்காவை யாரும் இதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை.

பதினான்கு நாளில் அவள் மொத்தம் நாற்பத்தெட்டு மணி நேரம் தூங்கினாள். அதையும் எழுதினாள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு நோயாளியின் ரத்த மாதிரிக் குழாயில் இன்னொருவரின் லேபிளை ஒட்டப் போனாள். பக்கத்திலிருந்த சீனியர் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "எதிர்வீட்ல சத்தம்" என்றாள். "அவ்வளவுதானே" என்றார் சீனியர், நிம்மதியாக.

பதினைந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. மூன்று மாடி ஏறியதில் முகமெல்லாம் வியர்வை. "இந்தப் படியையே ஒரு தொல்லைன்னு எழுதித் தரலாம் போல" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

வருகிற நாளை இரண்டு வீட்டுக்கும் முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்திருந்தார்கள். அதனால் நடையில் ஒரு மெஷின்கூட இல்லை. தரை துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஹோஸைக் காணோம். இவர்கள் கதவு முழுதாகத் திறந்தது. மூன்று மாடியில் எங்கும் ஒரு சத்தம் இல்லை. வேண்டுமானால் அளந்து காட்டலாம், நாற்பத்தொன்று.

ஆய்வாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட மெதுவானார்.

"சத்தம் இல்லாத நேரத்தைக்கூட எழுதியிருக்கே. இந்த வேலையில பதினாறு வருஷமா இருக்கேன், இப்படி ஒரு புகாரைப் பாத்ததில்ல." அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "இது ஒண்ணு போதும். எழுதினது யாரு?"

"அக்கா" என்றாள் சின்னவள்.

"வீடு அவங்க பேர்லதான். கூப்பிடுங்க, ரெண்டு நிமிஷம் பேசணும்."

"வேலைக்குப் போயிருக்கா."

"பகல் வேலையா?"

"ஆமா மேடம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. குறிப்பேட்டில் இருந்தது அத்தனையும் பகல். ஆய்வாளரும் அதைக் கவனித்துவிட்டார். ஒன்பதாம் நாள் பக்கத்தை விரித்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே 2.40 என்று எழுதியது 2.50 என்று திருத்தப்பட்டிருந்தது. பழைய எண் படிக்கிற மாதிரி அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து.

பரிசோதனைக் கூடத்தில் யாரும் எதையும் கிறுக்கி அழிக்கக் கூடாது. தவறாக எழுதினால் ஒரு கோடு, தேதி, திருத்தியவரின் இனிஷியல். நாலு வருடப் பழக்கம். தூக்கமில்லாத ஒன்பதாம் நாளில் கை தானாகச் செய்திருந்தது. அந்த இரண்டு எழுத்தும் அக்காவுடையது இல்லை.

"இது யாரு?" என்றார் ஆய்வாளர்.

சின்னவள் தன் விரலால் அந்த இரண்டு எழுத்தையும் மறைத்தாள்.

"மூணு வீட்ல ஒரு வீடு இப்படித்தான் இருக்கு. பேரு ஒருத்தருது, இருக்கிறது இன்னொருத்தர். நான் இல்லாததை எழுத மாட்டேன். ஆனா ஆளை நேர்ல பாக்காம இதுல கையெழுத்துப் போடவும் முடியாது." ஆய்வாளர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "உங்க அக்கா இங்கதான் குடியிருக்காங்களா?"

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மெஷின்காரன் சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலையைப் படியச் சீவி, கையில் ஒரு டேபிள் ஃபேனோடு நின்றான்.

"மேடத்துக்கு வேர்க்குதேன்னு கொண்டு வந்தேன்" என்றான். உள்ளே வந்து ஃபேனை மாட்டி, முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தான். "அக்காவைத்தான கேக்கறீங்க? இங்கதான் மேடம் இருக்காங்க. வேலை விஷயமா வெளியூர் போவாங்க, வருவாங்க. போன வாரம்கூடப் பாத்தேனே. இதே படியில. 'என்னண்ணா, நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் போனாங்க."

சின்னவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. அவனுக்கு இவர்கள் போகக் கூடாது. இவர்கள் போய்விட்டால் அந்த வாசலில் வேறு யாரோ வருவார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற யாரோ. அவனுக்கு வேண்டியது இதே அப்பா, இதே குழாய், பாதி திறக்கிற இதே கதவு.

"நீங்கதான எதிர்வீடு? உங்க மேலதான் புகாரே" என்றார் ஆய்வாளர்.

"தெரியும் மேடம். அக்கா கொஞ்சம் கோவக்காரங்க. எனக்குத் தொழில், அவங்களுக்குச் சத்தம். நாங்க ஒரே குடும்பம் மாதிரி, எங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கறோம். என்ன டிரைவர் சார்?"

அப்பா தலையைத் தூக்கினார். ஒரு கணம் அவர் அவனைப் பார்த்தார், பிறகு ஆய்வாளரை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. பதினாறு மாதத்தில் சின்னவள் அங்கே பார்க்காத ஒரு வெளிச்சம்.

"ஆமாம்மா" என்றார். "போன வாரம் வந்திருந்தா. எனக்கு கை வலின்னதும் ஓடி வந்துட்டா. ரெண்டு நாள் இருந்தா. இங்கதான், இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தா. அப்பா, கைய மேல தூக்கி வைங்கன்னு தலையணைய..." மூச்சு முட்டியது. பஃப்பை எடுக்காமலே தொடர்ந்தார். "தலையணைய அவதான் வெச்சா."

தலையணையை வைத்தது சின்னவள். அது அவருக்குத் தெரியாமலில்லை.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "சரி. எதிர்வீட்டுக்காரரே சாட்சி சொல்றாரு. நீங்களும் சமாதானம்னு சொல்றீங்க. புகாரை வாபஸ் வாங்கிட்டதா ஒரு வரி எழுதிடறேன். உங்க அக்கா திரும்பி வந்ததும் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது." குறிப்பேட்டைச் சின்னவள் பக்கம் தள்ளினார். "என்னம்மா, சரிதானே?"

"தங்கச்சிக்கு எல்லாம் சரிதான்" என்றான் மெஷின்காரன். "அக்கா வரட்டும். வந்ததும் நானே ஆபீசுக்குக் கூட்டிட்டு வர்றேன்."

வீடு மிஞ்சிவிட்டது. ஒரு தலையாட்டல் போதும். மாலைக்குள் ஹோஸ் திரும்பி வரும். நாளை பத்து மணிக்கு செங்கல். இனி அவன் கேட்கிற எதற்கும் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இனி பொய் அவனுடையதும்கூட. அவன் அக்காவைப் படியில் நடத்துவான், பேச வைப்பான், அவனை அண்ணா என்று கூப்பிட வைப்பான். அப்பா ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்பார். கொஞ்ச நாளில் அவர் நம்பியும் விடுவார்.

"தலையணைய நான்தான் வெச்சேன்" என்றாள் சின்னவள்.

"என்னம்மா?" என்றார் ஆய்வாளர்.

அப்பா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கெட்டியாக, பிரேக் பிடிக்கிற மாதிரி. "சின்னவளே, வேணாம். சொல்லாத. வீடும்மா."

அவள் அந்தக் கையை விலக்கவில்லை. தன் இன்னொரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டுக்காரர் யாரையும் பாக்கல மேடம். அந்தப் புத்தகத்துல இருக்கிற கையெழுத்து பதினாலும் நான் போட்டது." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது அவளுக்கே. "எங்க அக்கா செத்துட்டா. பதினாறு மாசம் ஆச்சு."